பாத்தியில் விழும் வட்டம்

ஆடி மாதம் மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கம் சாரல் எட்டிப் பார்க்கும். நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் விடிந்ததும் முதலில் போய் நிற்பது தாய்ப்பாத்தி ஓரத்தில்தான். முந்தின நாள் மாலை பூவாளியில் தண்ணீர் தெளித்தபோது நிமிர்ந்து நின்ற சவுக்கு நாற்றுகள், காலையில் ஒரு தட்டு அகலத்துக்குச் சாய்ந்து கிடக்கும். மறுநாள் அந்த வட்டம் தாம்பாள அளவாகும். கவனிக்காமல் விட்டால் வாரத்துக்குள் பாதிப் பாத்தி காலி.

சாய்ந்த நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால், மண்மட்டத்தில் தண்டு நீர்கோத்து நூலாக இளைத்திருக்கும். நாற்றழுகல் நோய் என்பது இதுதான். பித்தியம், ரைசாக்டோனியா, ஃபியூசேரியம் ஆகிய மூன்றில் ஒன்றோ, மூன்றும் கூட்டாகவோ இந்த வேலையைச் செய்யும். பித்தியத்தைப் பூஞ்சை என்று சொல்லிப் பழகிவிட்டதே தவிர, அறிவியல் அதை வேறு குலத்தில் வைக்கிறது. அதன் வித்துகளுக்கு வால் உண்டு. மண்ணில் தேங்கிய நீரில் நீந்தியே அடுத்த நாற்றைத் தேடிப் போகும். இந்நோயின் இன்னொரு முகம் கண்ணுக்கே படாது. விதை முளைவிட்டு மண்ணைத் தாண்டும் முன்பே அழுகிவிடும். முளைக்காத விதையை விற்றுவிட்டார் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள், அதற்கு முன் பாத்தியைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்பது நல்லது.

சவுக்கு விதை பொடிப்பொடியானது. ஒரு கிலோவில் பல லட்சம் விதைகள் இருக்கும். கை நிறைய அள்ளித் தூவிவிட்டால் நாற்று நெருங்கி முளைத்து, காற்றுப் புகாமல், அடிமண் உலராமல் நிற்கும். பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? போதாததற்கு, பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் தென்னை நார்க்கழிவை மக்க வைக்காமல் அப்படியே பையில் நிரப்புகிற வழக்கமும் இருக்கிறது. பச்சை நார்க்கழிவு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கும்; அதில் உள்ள உப்பும் டானினும் இளவேரைச் சுடும். சிப்பிக் காளான் பூஞ்சையைக் கொண்டு நார்க்கழிவை மக்க வைக்கும் முறையைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகவே சொல்லிக்கொடுத்து வருகிறது. ஒரு பூஞ்சை நாற்றைக் கொல்கிறது, இன்னொன்று நாற்றுக்கு மெத்தை தயாரிக்கிறது. போன ஆண்டு நோய் வந்த பையையும் குழித்தட்டையும் கழுவாமல் மறுபடி எடுத்துப் போடுவது, நோயைக் கூலி கொடுத்து அழைத்து வருவதுதான்.

மருந்து விஷயத்தில்தான் அதிகப் பணம் வீணாகிறது. நாற்று சாய்ந்ததும் கடைக்கு ஓடி, கொடுத்ததை வாங்கி ஊற்றுகிறார்கள். கார்பெண்டசிம் ரைசாக்டோனியாவை அடக்கும்; பித்தியத்தை ஒன்றும் செய்யாது. மெட்டலாக்சில் பித்தியத்தைக் கேட்கும், ரைசாக்டோனியாவைத் தொடாது. ட்ரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைப் பாத்தியில் இட்டுவிட்டு, நாலு நாள் கழித்துக் கார்பெண்டசிம் ஊற்றினால் முதலில் சாவது ட்ரைக்கோடெர்மாதான். எது வந்திருக்கிறது என்று தெரியாமல் மருந்தில் கைவைக்கக் கூடாது. சாய்ந்த நாற்றையும், பக்கத்தில் இன்னும் சாயாமல் நிற்கும் நாற்றையும் வேர்மண்ணோடு எடுத்து, வேளாண் பல்கலைக்கழகத்தின் பயிர் நோயியல் துறைக்கோ, மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிக்கோ, கோவை வன வளாகத்தில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்துக்கோ கொண்டுபோகலாம். முழுதாகச் செத்துக் காய்ந்ததை மட்டும் எடுத்துப் போனால் உண்மையான காரணத்தைப் பிடிப்பது கடினம். செத்த திசுவில் வேறு பூஞ்சைகள் வந்து குடியேறியிருக்கும்.

வருமுன் காப்பது இந்த ஊர் வெயிலுக்கு எளிது. சித்திரை, வைகாசியில் பாத்தி மண்ணை நனைத்து, தெளிவான பாலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடி, நான்கிலிருந்து ஆறு வாரம் விட்டால் மேல்மண்ணின் சூடே பெரும்பாலான நோய்க்கிருமிகளைக் கொன்றுவிடும். பிறகு மேட்டுப்பாத்தி, பரவலான விதைப்பு, கிலோ விதைக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி, மாலைக்குப் பதில் காலையில் தண்ணீர். இவ்வளவும் செய்தும் வட்டம் விழுந்தால், அந்த இடத்து மண்ணோடு நாற்றை அகற்றிவிட்டு, சுற்றிலும் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து ஊற்றுவது வழக்கமான பரிந்துரை.

நாற்றழுகல் பாத்தியோடு போய்விடும். பாத்தியைத் தாண்டித் தோட்டம் வரை வரும் நோய்களே பெரிய கவலை. சந்தன நாற்றில் நூற்புழுவும் பூஞ்சையும் கூட்டுச் சேர்ந்து வாட்டும். தேக்கு இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடியாகத் துருநோய் படியும். பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம், பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் 1985-இல் வெளியிட்ட மரநோய் ஆய்வில், நாற்றங்கால் நோய்களுக்கே பெரிய இடம் உண்டு. வேப்பமரங்கள் கருகி நிற்பதைக் கொங்கு வட்டாரம் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறது. அந்த நுனிக்கருகலுக்குக் காரணமான போமாப்சிஸ் அசாடிரக்டே என்ற பூஞ்சை 1997-இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அது விதை வழியாகவும் பரவும். கருகிய மரத்தடியில் பொறுக்கிய வேப்பங்கொட்டையை நாற்றுவிட்டால், நோயும் சேர்ந்தே முளைக்கிறது.

நோய் நாற்றோடு ஊர்விட்டு ஊர் போகும் என்பதற்கு இங்கிலாந்தைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. 2012 பிப்ரவரியில் அங்கே பக்கிங்காம்ஷயர் நாற்றுப்பண்ணை ஒன்றில், நெதர்லாந்திலிருந்து வந்த ஆஷ் மரக்கன்றுகளில் கருகல் நோய் கண்டுபிடிக்கப்பட்டது. இறக்குமதித் தடை வந்தது அக்டோபரில். அதற்குள் நோய் காட்டு மரங்களிலும் தென்படத் தொடங்கிவிட்டது.

இங்கே இப்போது கன்றுகள் லட்சக்கணக்கில் கைமாறுகின்றன. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்கும் இலக்கோடு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வேளாண் துறை தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தில், வனத்துறை நாற்றங்கால் கன்றுகள் விவசாயிகளுக்கு இலவசமாகக் கிடைத்தன. இரண்டாம் ஆண்டு முதல் உயிரோடு நிற்கும் கன்று ஒன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை என்றும் அறிவித்தார்கள். அழுகிய வேரோடு வந்த கன்று செத்தால் குழி வெட்டிய கூலியும் போச்சு, ஊக்கத்தொகையும் போச்சு. புகளூர், பள்ளிபாளையம் காகித ஆலைகளுக்காகச் சவுக்கும் தைலமரமும் போடுகிறவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. ஒரே தாய்மரத்தின் நகலான குளோன் கன்றை ஏக்கர் கணக்கில் நட்டால், ஒரு மரம் தாங்காத நோயை எந்த மரமும் தாங்காது.

இப்படி இழந்தவருக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது? இங்கே ஒரு பெரிய ஓட்டை உண்டு. 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டம் உணவுப் பயிர், பழம், காய்கறி, எண்ணெய் வித்து, பருத்தி, தீவனம், சணல் ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தக்காளி நாற்று அதன் வரையறைக்குள் வரும். அதே பண்ணையில் பக்கத்துப் பாத்தியில் நிற்கும் சவுக்கு நாற்று வராது. விதைச்சான்றுத் துறையின் தலைமை அலுவலகம் கோவையிலேயே இருந்தும், தடிமரக் கன்று வாங்கும் கோவை விவசாயிக்கு அந்தச் சட்டம் துணை நிற்பதில்லை. இந்த வரையறை திருத்தப்பட வேண்டும். விவசாய சங்கங்கள் உரக்கக் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

அதுவரை கையில் இருப்பது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2012-இல் தேசிய விதைக் கழகத்தின் மேல்முறையீட்டில், விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆய்வுக்கு விதை மாதிரி கொடுக்கவில்லை என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. வாங்கிய விதையை எல்லாம் விதைத்துவிட்டவரிடம் மாதிரி எங்கே இருக்கும்? கன்றுக்கும் இதே நியாயத்தைச் சொல்லி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. விற்றவர் எந்த ஊரானாலும், வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு வாதாடும். பிழைப்புக்கான விவசாயம் என்பதை மனுவிலேயே எழுதிவிட வேண்டும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம்.

இதெல்லாம் ரசீது இருந்தால்தான். சந்தையிலும் சாலையோரத்திலும் ரசீது இல்லாமல் காசு கொடுத்து வாங்கிய கன்றுக்கு ஆணையம் உதவுவது கடினம். மரத்தின் பெயர், குளோன் எண், எண்ணிக்கை, தேதி ஆகியவை ரசீதில் இருக்கட்டும். வண்டியில் ஏற்றும் முன் பத்துப் பையைக் கிழித்து வேரைப் பார்க்க வேண்டும். வெள்ளை நுனி நல்லது, பழுப்பாகி உருவினால் தோல் கழன்று வந்தால் கன்றை ஏற்றாமலே வண்டியைத் திருப்பி அனுப்பலாம். நட்டபின் செத்தால் தேதியோடு படம், நோயியல் துறையின் அறிக்கை, விற்றவருக்கு எழுத்தில் ஒரு கடிதம். இலவசக் கன்றுக்கு நுகர்வோர் ஆணையம் வழியல்ல. மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுதிக் கொடுக்கலாம். எந்த நாற்றங்காலில், எப்போது வளர்த்த கன்று என்று 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம்.

மருந்துப் பொட்டலத்துக்குச் சட்டம் இன்னும் கறாரானது. 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்குள் பூஞ்சைக்கொல்லியும் அடக்கம். ட்ரைக்கோடெர்மா போன்ற உயிர்மருந்தும் அடக்கம். பதிவு எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத ட்ரைக்கோடெர்மா பொட்டலம் வெறும் மாவாக இருக்கலாம். வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் புகார் கொடுத்தால், மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பும் அதிகாரம் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு உண்டு.

அந்த மருந்து ஊற்றிய பாத்தியில் மறுநாள் உட்கார்ந்து நாற்றுப் பிடுங்கிப் பைக்கு மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெறும் விரல்தான் கருவி. மருந்தைக் கையாளுகிறவர்களுக்குப் பாதுகாப்பு உடை தர வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள் சொல்கின்றன. பொட்டலத்தில் உள்ள முக்கோணம் சிவப்பென்றால் கடும் நஞ்சு. மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம், பச்சை என்று வீரியம் குறையும். அந்தப் பாத்தியில் என்ன ஊற்றினார்கள், அதன் முக்கோணம் என்ன நிறம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும், கையுறை வந்தபின்தான் நாற்றைத் தொடுவேன் என்று சொல்லவும் அங்கே குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் உரிமை இருக்கிறது.