வயலில் விடக் கூடாத 'குட்டி லாப்ஸ்டர்'

வண்ணமீன் கடைகளில் கண்ணாடித் தொட்டிக்குள் பெரிய கொடுக்குகளுடன் ஓர் இறால் விற்கப்படுகிறது. சிலர் இதைக் 'குட்டி லாப்ஸ்டர்' என்கிறார்கள். லாப்ஸ்டர் நல்ல விலை போகும் சரக்காயிற்றே, பண்ணைக் குட்டையில் நாலு ஜோடி விட்டால் என்ன என்று உழவர்களுக்குத் தோன்றலாம். விடக் கூடாது. இது லாப்ஸ்டர் அல்ல. கிரேபிஷ் எனப்படும் நன்னீர்ப் பிராணி.

லாப்ஸ்டர் கடலில் வாழ்வது. குமரிக் கடலோரத்தில் பாறை இடுக்குகளில் பிடிபடும் சிங்கி இறால் இவ்வகைதான். அதற்குப் பெரிய கொடுக்கு கிடையாது. முள் நிறைந்த நீண்ட மீசை உண்டு. மேனாட்டு லாப்ஸ்டருக்குத்தான் இரு பெரிய கொடுக்குகள். கிரேபிஷ் அதன் சிறு வடிவம் போல் இருப்பதால் இந்தப் பெயர்க் குழப்பம்.

உருவத்தைவிடக் கவனிக்க வேண்டியது குஞ்சு வளரும் விதம். சிங்கி இறாலின் குஞ்சு மெல்லிய தகடு போலப் பல மாதம் கடலில் மிதந்த பிறகே இறால் உருவம் பெறும். நம் நன்னீர் இறால் குஞ்சுக்குக்கூட முதலில் சற்று உப்பு நீர் வேண்டும். அதனால்தான் வளர்ப்போர் ஒவ்வொரு முறையும் பொரிப்பகத்தில் குஞ்சு வாங்குகிறார்கள். கிரேபிஷுக்கு இந்தத் தடை இல்லை. தாயின் வாலடியில் நூற்றுக்கணக்கில் பொரிக்கும் குஞ்சுகள் அங்கேயே ஒட்டியிருந்து, தாயைப் போல் உருவம் பெற்று இறங்கும். குட்டையிலேயே பெருகிவிடும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் அறுத்த நெல்தாளில் நீர் கட்டி இதை வளர்க்கிறார்கள். அங்கே இது சொந்த இனம். விரும்பி உண்போரும் ஏராளம். ஸ்பெயினில் 1974-ல் குவாதல்கிவிர் ஆற்றுச் சதுப்பு நிலத்தில் விடப்பட்டபோது நெல்வயல்களில் பரவி வரப்புகளைத் துளைத்தது. இளம் நாற்றுகளைத் தின்றது. பிடித்து விற்றுப் பிழைப்போர் அங்கு உண்டு என்பதும் உண்மை. ஆனால் ஒழிக்க முடியவில்லை. ஜப்பானுக்கு 1927-ல் தவளைப் பண்ணைத் தீனியாகப் போனது. விற்பதற்கும் நீர்நிலைகளில் விடுவதற்கும் அங்கே 2023 ஜூன் முதல் தடை.

வயல் நண்டின் வளையே வரப்பில் எவ்வளவு தொல்லை என்பது உழவர்களுக்குத் தெரியும். கிரேபிஷ் வளை மூன்றடி ஆழம்கூடப் போகும். நீர் வற்றினால் வளை ஈரத்தில் கிடந்து, மறுபடி நீர் கட்டும்போது வெளியே வரும். குட்டையைக் காயவிட்டு ஒழிக்கலாம் என்ற கணக்கு பலிக்காது.

நன்னீர் இறாலுக்கும் கொடுக்கு உண்டு; அது மெலிந்து நீண்டிருக்கும். கிரேபிஷின் கொடுக்கு நண்டுக்கொடுக்கு போலத் தடித்தது. ஏற்கெனவே வாங்கியவர்கள் தொட்டியிலேயே வைத்திருக்கவும். வாய்க்காலில் கொட்ட வேண்டாம். குட்டையில் வருமானம் வேண்டுவோர் கட்லா, ரோகுவுடன் நன்னீர் இறால் விடலாம். குஞ்சு பற்றிய விவரங்களை மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.