மலைச்சரிவில் மோட்டார் இல்லம்: குளிர்ப்பெட்டியும் மின்சுற்றும் பழுதுறும் வகை

ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியே நோர்வூட்டுக்கும், அப்பால் மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் செல்லும் வீதிகளிற் சமதரை காண்பது அரிது. ஒருபால் தேயிலைச் செடிகள் போர்த்த மேட்டுச் சரிவு. மற்றொருபால் காசல்ரீ நீர்த்தேக்கத்தை நோக்கி இறங்கும் பள்ளம். சிவனொளிபாதமலைக்குச் செல்லும் யாத்திரிகரும், மலைநாட்டின் குளிரை நாடி வரும் பயணிகளும் இவ்வழியே செல்வர். அவர்களுள் ஒருவர், உண்ணவும் உறங்கவும் வசதியமைந்த பழைய மோட்டார் வண்டியொன்றில் வந்து, இரவைக் கழிக்க வீதியோரச் சரிவில் அதனை நிறுத்தினாரென்று கொள்க. கொழும்பிற் குறைவின்றிக் குளிர்ந்த அவருடைய குளிர்ப்பெட்டி, மறுநாள் நண்பகலுக்குள் குளிர் நீங்கிப் பால் திரிந்துபோகும் நிலையை அடைதல் கூடும். பெட்டி கெட்டுவிட்டது என்று அவர் துணிவாராயின், அத்துணிபு தவறாதல் கூடும். குறை பெட்டியிலன்றி, வண்டி நின்ற நிலத்திலே இருக்கலாம்.

மோட்டார் வண்டியையே வீடாக அமைத்து, அதனுட் படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, விளக்கு, குளிர்ப்பெட்டி ஆகியவற்றை அடக்கிய ஊர்தியே மோட்டார் இல்லம் எனப்படும். மேனாடுகளில் இது பெருவழக்கு. பழைய வான்களை இவ்வாறு மாற்றியமைத்துப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வழக்கம் இலங்கையிலும் உண்டு. இத்தகைய வண்டி பழையதாகும்போது முதலில் தொல்லை கொடுப்பவை மின்சுற்றும் குளிர்ப்பெட்டியுமே. இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவையாதலின், ஒன்றின் குறை மற்றொன்றின் குறைபோலத் தோன்றி மயக்கும்.

மருத்துவன் முதலில் நோயையும், அடுத்து அதன் காரணத்தையும், பின்னர் அதைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து, அதன்மேலேயே சிகிச்சை செய்யவேண்டும் என்பது வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்த முறையாகும். பொறிகளின் பழுதை நாடுவோனுக்கும் இதுவே முறை. காரணத்தை ஆராயாமல் உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றுபவன், பணத்தையும் இழந்து பழுதையும் வைத்திருப்பான்.

வீடுகளிலுள்ள குளிர்ப்பெட்டி மின்னோடியால் இயங்கும் அமுக்கியைக் கொண்டது. பழைய மோட்டார் இல்லங்களில் இருப்பதோ பெரும்பாலும் வேறொரு வகை. அதில் அசையும் உறுப்பு ஒன்றேனும் இல்லை. வெப்பத்தைக் கொடுத்தாற் குளிர் பிறக்கும். அமோனியாவை நீரில் உறிஞ்சச்செய்து குளிரூட்டும் பொறியைப் பிரான்சு நாட்டினரான பேர்டினண்ட் காரே 1859ஆம் ஆண்டளவில் அமைத்தார். 1922இல் ஸ்ரொக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில் மாணவராயிருந்த பல்ற்சார் வொன் பிளாற்றன், கார்ல் முன்ரெர்ஸ் ஆகிய இருவரும் ஐதரசன் வாயுவையும் அதனுடன் சேர்த்து, இறைப்பி எதுவும் வேண்டாத பெட்டியை ஆக்கினர். 1925இல் எலெக்ற்றோலக்ஸ் நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. மின்சாரம் எட்டாத வெப்பநாட்டுப் பங்களாக்களில் மண்ணெண்ணெய் விளக்கின் சுடரால் நீர்க்கட்டி உறையவைத்த பெட்டிகள் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இதன் செயல் வருமாறு. பெட்டியின் பின்புறத்தே, அடியில் உள்ள கொதிகுழாயில் அமோனியா செறிந்த நீர் சூடாக்கப்படுகின்றது. அமோனியா ஆவியாகப் பிரிந்து மேலெழுந்து, உச்சியிலுள்ள குழாய்களில் வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகின்றது. அத்திரவம் பெட்டியின் உட்புறக் குழாய்க்குள் வடிந்து, அங்கு நிறைந்துள்ள ஐதரசனுடன் கலக்கின்றது. ஐதரசன் அமுக்கத்தின் பெரும்பங்கைத் தானே தாங்குவதால், அமோனியாவின் பகுதியமுக்கம் குறைந்து, அது தாழ்ந்த வெப்பநிலையிலும் ஆவியாகின்றது. ஆவியாதற்கு வேண்டிய வெப்பத்தை அது பெட்டியின் உள்ளிருந்தே கவர்வதால் உள்ளே குளிர் உண்டாகின்றது. பின்னர் அமோனியாவும் ஐதரசனும் சேர்ந்த பாரமான கலவை கீழிறங்க, அங்கு வரும் நீர் அமோனியாவை மட்டும் உறிஞ்சுகின்றது; இலேசான ஐதரசன் மீண்டும் மேலே செல்கின்றது. நீர் கொதிகுழாயை அடைந்து பழைய சுற்றையே தொடங்குகின்றது.

இச்சுற்று முழுவதும் புவியீர்ப்பினால் நடைபெறுவது என்பது நினைவிற் கொள்ளற்பாலது. திரவம் தானே வடிந்து செல்லக் குழாய்கள் சிறு சாய்வுடன் அமைக்கப்பட்டுள்ளன. வண்டி சரிந்து நின்றால் அச்சாய்வு கெட்டுத் திரவம் இடையிலே தேங்கும். பொதுவாக இத்தகைய பெட்டிகள் ஒரு திசையில் ஏறத்தாழ 3 பாகையும், மற்றொரு திசையில் ஏறத்தாழ 6 பாகையும் மட்டுமே சரிவைத் தாங்கும். 2 மீற்றர் அகலமுள்ள வண்டியின் ஒருபுறச் சில்லுகள் மறுபுறத்தினும் 10 சென்ரிமீற்றர் தாழ்ந்திருப்பினும் 3 பாகைச் சரிவு உண்டாகிவிடும். மலைநாட்டு வீதியோரத்தில் இது மிகச் சிறிய தாழ்வேயாம். வண்டி ஓடும்போது குலுக்கத்தினால் திரவம் தேங்காமல் நகர்வதால் தீங்கு குறைவு. நின்றபின்னரே தீங்கு விளையும்.

தேக்கத்தினால் ஒருவேளைக் குளிர் கெடுவதோடு அத்தீங்கு முடிவதில்லை. நீர் திரும்பாத கொதிகுழாய் மிகுதியாகச் சூடேறும். உருக்குக் குழாய் துருப்பிடியாதிருக்க அந்நீரிற் சோடியம் குரோமேற்று கரைக்கப்பட்டிருக்கும். மிகைச் சூட்டினால் அவ்வுப்புப் படிந்து குழாயை அடைக்கும். இவ்வடைப்பு ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக வளர்வது. பின்பு வண்டியைச் சமப்படுத்தினாலும் நீங்காது. ஆகவே, வண்டியை நிறுத்தியவுடன் பெட்டியின் உறைகூட்டுத் தளத்தில் ஓர் இரசமட்டத்தை வைத்து நோக்கி, தாழ்ந்த சில்லுகளின்கீழ்ப் பலகையிட்டுச் சமன்செய்தல் முதற் கடமையாகும். சமன்செய்ய இயலாவிடின் பெட்டியை அணைத்துவிடுதலே நன்று.

இவ்வகைப் பெட்டிகளிற் பல மூவகை வெப்பத்தை ஏற்பன: திரவப் பெற்றோலிய வாயுவின் சுடர், வீட்டு மின்சாரம், வண்டியின் 12 வோல்ற்று மின்சாரம். பழுதை அறிய இம்மூன்றும் மூன்று சாட்சிகளாக உதவும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பெட்டியை ஓர் இரவு முழுவதும் வாயுவில் இயக்குக. மறுநாள் அவ்வாறே வீட்டு மின்சாரத்தில் இயக்குக. இப்பெட்டி மெல்லக் குளிர்வதாதலின், ஒரு மணி நேரத்தில் முடிவுகூறுதல் ஆகாது. வாயுவிற் குளிர்ந்து மின்சாரத்திற் குளிராவிடின், குளிரூட்டும் குழாய்த்தொகுதி நலமே, குறை மின்பக்கத்தது. மின்சாரத்திற் குளிர்ந்து வாயுவிற் குளிராவிடின், சுடரை ஆராய்க. மூன்றிலும் கொதிகுழாய் சூடேறியும் குளிர் பிறவாதாயின், காற்றோட்டமும் சரியாயிருக்கும்பட்சத்தில், குழாய்த்தொகுதியே கெட்டதெனக் கொள்ளலாம்.

சுடரைப் பொறுத்தவரை மலைநாட்டின் உயரமும் கருதற்குரியது. ஹற்றன் ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா நகர் 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. ஹற்றனிற் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தினும் ஏறத்தாழ எட்டிலொரு பங்கு குறைவு. கடல்மட்டத்துக்கென அமைத்த சுடருக்கு இங்கு ஒட்சிசன் போதாமற்போய், அது மஞ்சள் நிறமுற்றுக் கரிபடிதலும் அணைந்துபோதலும் கூடும். நெடுநாட் பயன்படாத வண்டியில் வாயுத்துளையைச் சிலந்தி நூலும் தூசும் அடைத்திருத்தலும் உண்டு. பெட்டியின் பின்புறச் சுவரிற் கீழும் மேலுமாக உள்ள காற்றுவாயில்கள் அடைபட்டிருப்பின், குழாய்கள் வெப்பத்தை வெளியே விட இயலாது. அப்போதும் குளிர் குன்றும்.

இனி மின்சுற்றை நோக்குக. காசல்ரீ நீர் 1965 முதல் நோர்ட்டன் பிரிட்ஜில் உள்ள விமலசுரேந்திரா மின்நிலையத்தை இயக்கி நாட்டுக்கு ஒளி கொடுக்கின்றது. ஆயினும் அந்நீர்க்கரையில் நிற்கும் மோட்டார் இல்லத்துக்குத் தன் பற்றரியே துணை. ஈயவமிலப் பற்றரி முழுமையாக மின்னேறி ஓய்ந்திருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ற்றும், பாதியளவில் 12.2 வோல்ற்றும் காட்டும். 12 வோல்ற்றுக்குக் கீழே சென்றால் அது பெரிதும் வறிதாயிற்று என்க. இயந்திரம் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். அவ்வாறு காட்டாவிடின், மின்பிறப்பாக்கியையும், இயந்திரப் பற்றரியையும் இல்லப் பற்றரியையும் இணைத்துப் பிரிக்கும் தன்னியக்க ஆளியையும் ஆராய்தல் வேண்டும்.

120 வாற்று வெப்பக்கம்பி 12 வோல்ற்றில் 10 அம்பியர் மின்னோட்டத்தைக் கவரும். 80 அம்பியர் மணி கொள்ளும் பற்றரியை அது நான்கு மணி நேரத்திற் பாதியாக்கிவிடும். ஆகையால் 12 வோல்ற்று இணைப்பு, வண்டி ஓடும்போது மாத்திரம் பயன்படுத்தற்குரியது. இரவெல்லாம் அதில் இயக்கியவர், விடியலில் இயந்திரமும் கிளம்பாது, குளிரும் இல்லாது நிற்க நேரிடும்.

பழைய வண்டியில் மிகுதியாகக் காணப்படும் மின்குறை, இணைப்புகளிற் படியும் துருவாகும். வண்டியின் இரும்புச் சட்டமே மின்னோட்டம் திரும்பும் வழியாதலின், மழையும் மூடுபனியும் ஓயாத மலைநாட்டில் அவ்விணைப்பு விரைவிற் கெடும். அதன் விளைவு ஒரு சிறு கணக்கினால் விளங்கும். மேற்கூறிய வெப்பக்கம்பியின் தடை 1.2 ஓம். துருவேறிய இணைப்பு 0.2 ஓம் தடையைச் சேர்த்தால் மொத்தம் 1.4 ஓமாகி, மின்னோட்டம் 8.6 அம்பியராகக் குறையும். வெப்பக்கம்பி பெறுவது 120 வாற்றன்று, 88 வாற்றே. ஏனெனில் வலு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைவது. பெட்டி அரைகுறையாகக் குளிர்வதன் காரணம் இதுவே. அன்றியும், ஏறத்தாழ 15 வாற்று வெப்பம் அத்துருவிணைப்பிலே பிறந்து, கம்பியின் உறையை உருக்கித் தீக்கு வித்திடும்.

இக்குறையைக் கண்ணாற் காணல் அரிது. பல்மானியால் அளந்தே காணல் வேண்டும். பெட்டியை இயக்கிவைத்தே அளத்தல் வேண்டும். மின்னோட்டம் இல்லாதபோது துருவிணைப்பும் முழு வோல்ற்றளவையே காட்டி ஏமாற்றும். பற்றரியின் முனைகளில் முதலிலும், பின்னர் உருகியின் இருபுறத்தும், ஆளியின் இருபுறத்தும், இறுதியில் வெப்பக்கம்பியின் முனைகளிலும் முறையே அளந்து செல்க. எவ்விடத்து வோல்ற்றளவு சட்டென வீழ்கின்றதோ அவ்விடமே பழுதின் இடம். உருகி மீண்டும் மீண்டும் எரிந்தால், அதனிலும் பருத்த உருகியை இடுதல் பெரும் பிழை. உருகி குற்றவாளியன்று, குற்றத்தை அறிவிக்கும் காவலன். காவலனை நீக்கினாற் கம்பியே உருகியாகிவிடும்.

வீட்டு மின்சாரத்தில் இணைக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற்று. ஐக்கிய அமெரிக்காவிற் செய்த வண்டியின் கருவிகள் 120 வோல்ற்றுக்கு உரியவை. அவற்றை நேரே இணைத்தால் வெப்பக்கம்பி ஏறத்தாழ 3.7 மடங்கு வலுவைக் கவர்ந்து நொடியில் அழியும். தக்க நிலைமாற்றி இன்றி இணைத்தல் கூடாது. 230 வோல்ற்றுச் சுற்றைத் திறந்து பார்த்தல் பயின்ற மின்வினைஞர்க்கே உரியது.

தானே செய்யலாகாதவை வேறு சிலவும் உண்டு. பெட்டியின் பின்புறத்தில் மஞ்சள் நிறத் தூள் தோன்றினாலோ, அமோனியாவின் காரநெடி வீசினாலோ, குழாய் வெடித்துக் கசிகின்றது என்க. உடனே பெட்டியை அணைத்துச் சன்னல்களைத் திறந்து வெளியேறல் வேண்டும். கசிவது அமோனியா மட்டுமன்று. எளிதில் தீப்பற்றும் ஐதரசனுமாகும். கொதிகுழாயில் வெடிப்புண்டாகித் தீ மூளக்கூடும் என்னும் காரணத்தால், 2006இல் ஐக்கிய அமெரிக்காவில் டொமெற்றிக் நிறுவனம் இலட்சக்கணக்கான பெட்டிகளைத் திருத்தத்துக்கெனத் திரும்ப அழைத்தது. திரவப் பெற்றோலிய வாயு காற்றினும் பாரமானதாதலின் தரையிலே தேங்கும். கசிவைச் சவர்க்கார நுரையினாற் சோதிக்கலாமேயன்றித் தீக்குச்சியாற் சோதித்தல் ஆகாது. மலைக்குளிருக்கு அஞ்சிக் காற்றுவழிகளைத் துணியால் அடைப்போர், மஞ்சட் சுடரினின்று எழும் காபனோரொட்சைட்டு என்னும் மணமற்ற நஞ்சுக்கு உறக்கத்திலே இரையாவர்.

குழாய்த்தொகுதி கெட்டதென ஐயமற அறிந்தபின்னரே மாற்றுவது பற்றி எண்ணல் வேண்டும். அதனைப் புதிதாக இடலாம். அல்லது 12 வோல்ற்றில் இயங்கும் அமுக்கிப் பெட்டியை அமைக்கலாம். பின்னது ஓரளவு சரிவையும் தாங்குவது; இடைவிட்டு இயங்குவதாற் குறைந்த மின்னையே கவர்வது; சூரியத் தகட்டினால் மின்னேற்றும் பற்றரிக்கும் ஏற்றது. சரிவே நிலமான மலைநாட்டுக்கு இதுவே பொருத்தமானது எனலாம். ஆயினும் துருவேறிய இணைப்பைத் திருத்தாமற் புதுப்பெட்டியை வைப்பின், அதுவும் பழையதன் வழியே செல்லும்.

இவையெல்லாம் உல்லாசப் பயணத்தின் சிறு வசதி பற்றியனவே என்று சிலர் கருதக்கூடும். அவ்வண்டியிற் செல்வோருள் நீரிழிவு நோயினர் ஒருவர் இருப்பாராயின், பயன்படுத்தத் தொடங்காத இன்சுலின் 2 பாகை முதல் 8 பாகை செல்சியசு வரையிலான குளிரில் இருத்தல் வேண்டும், உறைதலும் ஆகாது. அவருக்கு அப்பெட்டி ஆடம்பரமன்று, உயிர்க்காப்பு. பெட்டியினுள் ஒரு வெப்பமானியும், கையில் ஒரு பல்மானியும், தளத்தில் ஓர் இரசமட்டமும் இருப்பின், பழுதுகளிற் பெரும்பாலானவை பெரும்பொருட் செலவின்றியே புலப்படும். அம்மூன்றும் சொல்வதைக் கேளாமற் பெட்டியைப் பழிப்பவனுக்கோ, புதுப்பெட்டியும் அச்சரிவிற் பழைய பெட்டியாகவே முடியும்.