பேரேடு யார் கையில்?

நந்தனத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் நேயர் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் விடுத்திருக்கிறார். அவருடைய தந்தையார் காலத்தில் கடைக் கணக்கு சிவப்புத் துணி அட்டையிட்ட நீண்ட பேரேட்டில் இருந்ததாம். இரவில் அது இரும்புப் பெட்டிக்குள் போய்விடும். சாவி தந்தையாரின் இடுப்பில் இருக்கும். இவர் தலையெடுத்த பின் கணக்கு கடையிலுள்ள கம்ப்யூட்டரில் ஏறிற்று. இப்பொழுது இவருடைய குமாரர், கணக்கு முழுவதையும் ஜோஹோ கம்பெனியின் வசம் ஒப்புவித்துவிட்டால் கடையிலிருந்தும் பார்க்கலாம், வீட்டிலிருந்தும் பார்க்கலாம் என்கிறாராம். “அது நம் தமிழ்நாட்டுக் கம்பெனி, ஸ்வதேசி என்கிறான். ஸ்வதேசி என்ற ஒன்றுக்காக என் பேரேட்டை இன்னொருவர் வீட்டில் வைக்கலாமா? தங்கள் அபிப்பிராயத்தைத் தெரிவிக்க வேண்டும்” என்று கேட்கிறார் அன்பர்.

கேள்வி சிறியதன்று. யாரிடம் எவ்வளவு நிலுவை, சரக்கு என்ன விலைக்குக் கொள்முதலாயிற்று, எந்த மாதத்தில் கை கடித்தது என்பவையெல்லாம் பேரேட்டில் உண்டு. வியாபாரி தன் உடன்பிறந்தாருக்கும் காட்டாத ஏடு அது. ஆகவே, ‘ஸ்வதேசி வாழ்க’ என்று ஒரு வரியில் பதில் எழுதி அன்பரை அனுப்பிவிட நமக்கு மனம் வரவில்லை. அந்தக் கம்பெனியின் சரித்திரத்தைச் சற்று விசாரித்த பிறகே விடை சொல்வது முறையாகும்.

கணக்கு யார் கையில் என்ற தகராறு நம் நாட்டிற்குப் புதிதல்ல. பெரிய ஸ்தாபனங்களின் கணக்கு முதன்முதலில் யந்திரத்தில் ஏறிய காலத்தில், அந்த யந்திரம் பெரும்பாலும் ஐ.பி.எம். என்ற அமெரிக்கக் கம்பெனியுடையதாக இருந்தது. 1973 ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிச் சட்டம், அந்நியக் கம்பெனிகள் தம் இந்தியக் கிளைகளில் வைத்திருக்கும் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது. ஐ.பி.எம். அதற்கு இசையாமல் 1978 இல் மூட்டை கட்டிற்று. அது விட்டுச் சென்ற யந்திரங்களைப் பழுதுபார்க்கும் பொறுப்பை மத்திய சர்க்காரின் ஸி.எம்.ஸி. ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான் தமிழ்நாட்டுச் சர்க்கார் எல்காட் என்னும் மின்னணுக் கழகத்தை ஸ்தாபித்தது. அன்பருடைய நந்தனத்திலேயே, அண்ணா சாலையில் அதன் தலைமை அலுவலகம் இருக்கிறது. 2007 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்த எல்காட், விண்டோஸைக் கைவிட்டு, யாரும் உள்ளே திறந்து பார்க்கக்கூடிய லினக்ஸுக்குத் தன் அலுவலக யந்திரங்களை மாற்றிற்று. சர்க்கார் ஸ்தாபனமே கேட்டுப் பார்த்த கேள்வியைத்தான் அன்பரும் கேட்கிறார்.

சில்லறை வியாபாரிகளுக்கு முதலில் கைகொடுத்தது பெங்களூரில் பிறந்த டாலி. ஆலைகளுக்குச் சாமான் சப்ளை செய்துவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் வியாபாரத்துக்கேற்ற கணக்கு ஸாப்ட்வேர் கிடைக்காமல், தம் குமாரர் பரத் கோயங்காவையே ஒன்று செய்யச் சொன்னார். 1986 இல் கம்பெனி பிறந்தது. பற்று வரவு அறிந்த குடும்பத்தில் பிறந்த சரக்கானபடியால் கடைக்காரர்களுக்கு அது உடனே பிடித்துப் போயிற்று. அன்பரின் கடையிலும் இப்பொழுது ஓடுவது அதுவே என்று அறிகிறோம். அதில் பேரேடு கடையிலேயே இருக்கிறது. இரும்புப் பெட்டிக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்டி, அவ்வளவே. ஜோஹோவின் வழி வேறு.

நந்தனத்தைத் தாண்டித் தெற்கே செல்லும் அண்ணா சாலை, சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடந்து, கத்திப்பாராவுக்கு அப்பால் ஜி.எஸ்.டி. சாலையாகிறது. விற்பனை வரிக்குப் பிற்காலத்தில் அதே மூன்றெழுத்து வாய்த்தது ஒரு வேடிக்கை. அந்தச் சாலையில் கூடுவாஞ்சேரிக்கு அருகே ஜோஹோவின் தலைமையிடம் இருக்கிறது. ஆனால் 1996 இல் தொடங்கியபோது இந்தக் கட்டடங்களும் இல்லை, ஜோஹோ என்ற பெயரும் இல்லை. அட்வென்ட்நெட் என்பதே கம்பெனியின் பெயர். தஞ்சை ஜில்லாவைப் பூர்விகமாகக் கொண்ட ஸ்ரீ ஸ்ரீதர் வேம்பு, சென்னை ஐ.ஐ.டி.யில் 1989 இல் பட்டம் பெற்று, பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம் பெற்று, குவால்காம் கம்பெனியில் உத்தியோகம் பார்த்தவர். அவரும் அவருடைய சகோதரர்களும் ஸ்ரீ டோனி தாமஸும் சேர்ந்து ஆரம்பித்த இந்தக் கம்பெனி முதலில் வியாபாரக் கணக்கைத் தொடவே இல்லை. கம்ப்யூட்டர்களை இணைக்கும் வலைப்பின்னலை மேற்பார்வை பார்க்கும் ஸாப்ட்வேரைச் செய்து, அத்தகைய சாதனங்களை உற்பத்தி செய்யும் கம்பெனிகளுக்கு விற்றது.

2001 இல் அமெரிக்காவில் அந்தத் தொழில் சரிந்தது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் காணாமற் போயினர். இந்தக் கம்பெனியின் சரித்திரத்தில் முக்கியமான பக்கம் இதுவே என்பது நம் கருத்து. அதற்குச் சற்று முன்புதான் வெளியார் பணம் வெள்ளமாக ஓடிக்கொண்டிருந்தது, கேட்காமலே கொடுத்தார்கள். ஸ்ரீதர் வேம்பு அதை ஏற்கவில்லை. அத்தகைய பணத்துக்கு வட்டி கிடையாது. ஆனால் தவணை உண்டு. குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் கம்பெனியை யாருக்கேனும் விற்றாவது, பங்குச் சந்தையில் விட்டாவது, போட்டதைப் பன்மடங்காகத் திருப்ப வேண்டும். அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தால் 2001 இல் இந்தக் கம்பெனியின் கதை அங்கேயே முடிந்திருக்கும். கைம்முதல் கொஞ்சம் இருந்தது, கடன்காரன் வாசலில் இல்லை, சென்னையில் செலவும் குறைவு. ஆதலால் பொறுத்திருந்து புதிய சரக்குகளைச் செய்து பார்க்க முடிந்தது. 2002 இல் மானேஜ்இஞ்சின் வந்தது. 2005 இல் ஜோஹோ என்ற பெயரில், எழுதுவதற்கும் வாடிக்கையாளர் விவரங்களைத் தொகுப்பதற்குமான சாதனங்கள் வந்தன. 2009 இல் கம்பெனியே அந்தப் பெயரைச் சூடிக்கொண்டது.

இந்த இடத்தில் நமக்குத் தூத்துக்குடி நினைவு வருகிறது. 1906 இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை ஆரம்பித்த ஸ்வதேசிக் கப்பல் கம்பெனிக்கு ஜனங்களின் அன்புக்குக் குறைவில்லை. எதிரிக் கம்பெனியோ கொழும்புக்குப் போகும் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இனாமாக ஏற்றிக் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். அதனிடம் நஷ்டத்தைத் தாங்கும் பணம் இருந்தது. பிள்ளையவர்கள் 1908 மார்ச்சில் சிறை புகுந்தார். 1911 இல் கம்பெனி கலைக்கப்பட்டது. சர்க்காரின் அடக்குமுறை இல்லாதிருந்தால் அது பிழைத்திருக்கக் கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நஷ்ட காலத்தில் நிற்க முதல் வேண்டும் என்பதும் மெய்யே. இன்றைக்கும் பெரிய கம்பெனிகள் சரக்கை இனாமாகக் கொடுத்தே சிறியவர்களைச் சாய்க்கின்றன; குடைதான் தருவதில்லை.

வெளியார் பணத்தை வாங்கியவர்கள் கெட்டுப் போனார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. ஜோஹோவிலேயே வேலை பார்த்த ஸ்ரீ கிரீஷ் மாத்ருபூதம் 2010 இல் சென்னையில் ஆரம்பித்த கம்பெனி, இன்று பிரெஷ்வொர்க்ஸ் என வழங்குவது, முதலீட்டாளர் பணத்தால் விரைந்து வளர்ந்து 2021 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தையில் ஏறிற்று; ஊழியர் பலர் செல்வந்தராயினர். அதுவும் ஒரு வழி. அந்தக் கம்பெனியின் தலைமையிடம் கலிபோர்னியாவில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு மேலே செல்கிறோம்.

கைம்முதலில் நின்றதனால் ஜோஹோ செய்ய முடிந்த காரியங்களில் இரண்டைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஒன்று, 2005 ஐ ஒட்டி அது ஆரம்பித்த பள்ளி. பட்டதாரிகளைத் தேடி அலைவதற்குப் பதில், பன்னிரண்டாம் வகுப்போ டிப்ளமாவோ முடித்த பிள்ளைகளைச் சேர்த்து, சம்பளம் வாங்காமல், உபகாரச் சம்பளமும் கொடுத்துத் தொழிலைக் கற்றுக் கொடுத்தது. கல்லூரிக்கு அனுப்ப வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே கற்று அந்தக் கம்பெனியிலேயே வேலையில் அமர்ந்தார்கள். மற்றொன்று, 2011 இல் தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் திறந்த அலுவலகம். பெயரளவுக்கு ஒரு கிளையை வைத்துப் படம் பிடித்துக்கொள்ளவில்லை. வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் ஜோஹோ டெஸ்க் என்னும் சரக்கை அங்கேயே செய்து உலகுக்கு விற்றார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், குற்றாலச் சாரல் வந்து விழும் கிராமத்தில் உட்கார்ந்து நியூயார்க் வியாபாரிக்கு ஸாப்ட்வேர் செய்யலாம் என்றால், பட்டணத்துக்கு ரயிலேறினால்தான் பிழைப்பு என்ற எண்ணம் ஏன் மாறக் கூடாது? 2023 இல் கம்பெனியின் சரக்குகளை உபயோகிப்போர் தொகை 10 கோடியைத் தாண்டியதாக அறிவிப்பு வந்தது. 2025 ஜனவரியில் ஸ்ரீதர் வேம்பு தலைமை நிர்வாகப் பொறுப்பை ஸ்ரீ சைலேஷ் குமார் டேவியிடம் விட்டு, தலைமை விஞ்ஞானியாக ஆராய்ச்சிக்குத் திரும்பினார். அதே ஆண்டில், சில்லு உற்பத்தியில் இறங்கும் பெரிய யோசனையொன்றைக் கம்பெனி நிறுத்தி வைத்தது; தொழில்நுட்பத்தில் போதிய நம்பிக்கை ஏற்படவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிற்று. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்ட அந்தப் பேச்சு நமக்குப் பிடித்தது.

இனி மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பேரேடு ‘மேக’த்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். மேகம் வானத்தில் இல்லை. பூட்டிய கட்டடத்தில், குளிர்சாதனம் இரவு பகலாக ஓட, அடுக்கடுக்காக நிற்கும் யந்திரங்களே மேகம். ஜோஹோ சென்னையிலும் மும்பையிலும் அவற்றை அமைத்திருக்கிறது. இந்திய வியாபாரிகளின் கணக்கு அங்கே தங்குகிறது. நல்லது. ஆனால் அந்தக் கட்டடத்துக்கு வழிகாட்டும் பெயர்ப் பலகை யாருடையது? 2018 செப்டம்பர் 24 ஆம் தேதி, ஜோஹோவின் இணையப் பெயரைப் பதிந்து வைத்திருந்த அமெரிக்கக் கம்பெனி, மோசடிக் கடிதங்கள் பற்றிச் சில புகார்கள் வந்தன என்ற காரணத்தால் அந்தப் பெயரையே முடக்கிவிட்டது. யந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சொந்த முதல் சொந்தமாகவே இருந்தது. ஆயினும் உலகெங்கும் வாடிக்கைக்காரர்கள் பல மணி நேரம் தங்கள் அஞ்சலையும் கணக்கையும் அடைய முடியாமல் திண்டாடினார்கள். கம்பெனியின் தலைவரே பொதுவெளியில் நின்று உதவி கேட்க நேர்ந்தது. பின்பு பெயரை வேறொரு கம்பெனியிடம் மாற்றினார்கள். அதுவும் அமெரிக்கக் கம்பெனிதான். தாங்களே பதிவாளராகப் போவதாகவும் அறிவித்தார்கள். கொல்லைப்புறம் வரை நம் சொந்த நிலமாயினும், தெருக்கதவின் தாழ்ப்பாள் அடுத்தவன் கையில் இருந்தது என்பதை அன்றைய தினம் எல்லோரும் கண்டார்கள்.

2025 இல் ஸ்வதேசிப் பேச்சு மீண்டும் சூடு பிடித்தது. மத்திய மந்திரிகள் ஜோஹோவுக்கு மாறுவதாக அறிவித்தனர். மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் சுமார் 12 லட்சம் பேரின் அஞ்சல் அதன் அமைப்புக்கு மாற்றப்பட்டதாகச் செய்திகள் வந்தன. அதன் ‘அரட்டை’ என்னும் செய்திச் சாதனத்தில் ஜனங்கள் திரள் திரளாகச் சேர்ந்தனர். அப்பொழுது, அனுப்புவோரும் பெறுவோரும் தவிர வேறெவரும் படிக்க முடியாதபடி எழுத்துச் செய்திகளைப் பூட்டும் வசதி அதில் அமைந்திருக்கவில்லை; அந்நியக் கம்பெனியின் வாட்ஸப்பில் அது பல்லாண்டுகளாக இருந்தது. குறையைச் சுட்டியவர்களை தேசத் துரோகிகள் என்று சிலர் ஏசினார்கள். அது பிசகு. கைராட்டை நூல் அறுந்தால் அறுந்தது என்று சொல்பவனே கதருக்கு நண்பன்.

மற்றொரு விஷயம். வெளியார் பங்கு இல்லாத கம்பெனியில், கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க வெளியாருக்கு உரிமையும் இல்லை. பங்குகளில் பெரும்பகுதி வேம்பு குடும்பத்தாரிடமே இருக்கிறது. அதுவே இதுவரை கம்பெனியைக் காத்தது; ஆனால் நாளை குடும்பத்தார் மனம் மாறினாலும், அவர்களுக்குள்ளே பேதம் வந்தாலும், பேரேட்டை ஒப்படைத்த நந்தனத்துக் கடைக்காரரை யாரும் கலந்து ஆலோசிக்கப் போவதில்லை.

ஆகவே அன்பருக்கு நாம் எழுதும் விடை இது. தங்கள் குமாரர் சொல்வதைக் கேட்கலாம். முப்பது ஆண்டுகளாகத் தன் காலில் நின்ற கம்பெனி. தங்கள் கணக்கை விளம்பரக்காரர்களுக்கு விற்றுப் பிழைக்காமல், சந்தாவை வாங்கிப் பிழைக்கிறது. 2017 இல் ஜி.எஸ்.டி. வந்த பின், விலைப்பட்டியல் போட்ட அப்போதே வரிக் கணக்கும் தயாராகிவிடுவதால் மாதக் கடைசியில் கணக்கப்பிள்ளையைத் தேடி ஓட வேண்டிய தொல்லையும் குறையும். ஆனால் பணம் கட்டுமுன் குமாரரைக் கொண்டு ஒரு பரீட்சை செய்து பாருங்கள். ஒரு மாதக் கணக்கை அதில் ஏற்றி, பிறகு அது முழுவதையும் நகலாக வெளியே எடுத்து, கடைக் கம்ப்யூட்டரில் திறக்கச் சொல்லுங்கள். அதற்குரிய வசதி உண்டு. கடன்காரர் ஜாபிதா, சரக்கு இருப்பு, பற்று வரவு மூன்றும் பைசாவுக்குப் பைசா ஒத்திருக்கின்றனவா என்று தாங்களே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். ஒத்திருந்தால் ஒப்படையுங்கள், பிறகும் மாதந்தோறும் முதல் தேதி கடை திறந்தவுடன் ஒரு நகல் எடுத்துத் தந்தையாரின் இரும்புப் பெட்டியில் வையுங்கள். பெட்டி இன்னும் கடையில்தான் இருக்கிறது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள்.