வீட்டில் வளரும் வெட்டுக்கிளி... கோவைக் குளங்களுக்கு ஒரு பாடம்!

வெட்டுக்கிளி என்றாலே பயிரைத் தின்று தீர்க்கும் பூச்சி என்றுதான் நினைக்கிறோம். 2020-ல் வட இந்தியாவுக்குள் பாலைவன வெட்டுக்கிளிகள் படையெடுத்தபோது, கிருஷ்ணகிரியில் எருக்கஞ்செடியில் மொய்த்த உள்ளூர் வெட்டுக்கிளிகளைப் பார்த்தே மக்கள் பதறினார்கள். ஆனால், இங்கிலாந்தில் ஒரு வெட்டுக்கிளியைக் காப்பாற்ற அதை வீட்டில் வைத்து வளர்க்கிறார்கள்!

அது பிரிட்டனின் மிகப் பெரிய வெட்டுக்கிளி. சதுப்பு நிலத்தில் மட்டுமே வாழும். பின்தொடையின் அடிப்பக்கம் சிவப்பாக இருக்கும். ஆண் பூச்சி பின்னங்காலை உதறி இறக்கையில் தட்டும்போது, நகத்தைச் சுண்டியதுபோல் 'டிக்... டிக்' என்று சத்தம் வரும். துணையை அழைக்கும் குரல் அது.

முட்டைக்கு வேண்டும் ஈரம்

கோடையின் முடிவில் புல்லின் அடியில் இடும் முட்டைகள், குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்து அடுத்த ஆண்டுதான் பொரியும். அதுவரை நிலம் காயக் கூடாது. கிழக்கு இங்கிலாந்தின் சதுப்புகளை விவசாயத்துக்காக வடித்துக் காயவைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன்பே இந்தப் பூச்சி அங்கே காணாமல்போனது. தெற்கே நியூ ஃபாரஸ்ட், டார்செட் பகுதிகளின் சதுப்புகளில் மட்டும் தப்பிப் பிழைத்தது.

இப்போது 'சிட்டிசன் ஜூ' என்ற அமைப்பின் தன்னார்வலர்கள், குஞ்சுகளைக் கண்ணாடித் தொட்டியில் புல் கொடுத்து வளர்த்து, நார்ஃபோக் பகுதி ஈரநிலங்களில் கொண்டுபோய் விடுகிறார்கள்.

நம் ஊரில் எப்படி?

கொங்கு மண்ணில் இருப்பவை வேறு இன வெட்டுக்கிளிகள். ஆனால், பெரும்பாலான வெட்டுக்கிளிகள் முட்டையிடுவது மண்ணில்தான். குளக்கரைப் புல்லில் வாழும் இவைதான் உண்ணிக்கொக்குக்கும் தவளைக்கும் ஓணானுக்கும் சாப்பாடு.

நொய்யலை நம்பியிருக்கும் சிங்காநல்லூர் குளத்தை, 2017-ல் கோவை மாநகராட்சி நகர்ப்புறப் பல்லுயிர் பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. அங்கே பதிவான தாவரங்களும் உயிரினங்களுமாகச் சேர்த்து 720 வகைகள். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இரண்டுமே நமக்குப் பெருமைதான்.

உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதைகள் வந்திருக்கின்றன. குடும்பத்தோடு நடக்க நல்ல இடம். ஆனால், எந்தக் குளமானாலும் கரை முழுவதும் கல்லும் சிமென்ட்டுமாகிவிட்டால் பூச்சிக்கு முட்டையிட மண் இருக்காது. பூச்சி குறைந்தால் பறவைக்கு இரை குறையும்.

என்ன செய்யலாம்?

* கரையில் ஒரு பகுதியையாவது கோரையும் புல்லுமாக விட்டுவைக்கலாம்.
* புல்லை ஒரே நாளில் மொத்தமாக வெட்டாமல், பகுதி பகுதியாக வெட்டலாம்.
* களைக்கொல்லி அடிப்பதையும், காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பதையும் நிறுத்தலாம்.
* குழந்தைகளோடு குளத்துக்குப் போனால், பார்க்கும் பூச்சிகளை செல்போனில் படமெடுத்து 'ஐநேச்சுரலிஸ்ட்' செயலியில் பதிவேற்றலாம். எந்தக் கரையில் எது வாழ்கிறது என்பதற்கு அது ஆதாரம்.

தொலைத்த ஒரு பூச்சியை மீட்க, இங்கிலாந்தில் தொட்டி வைத்து வளர்க்கிறார்கள். நம் குளக்கரைகளில் இன்னும் புல் இருக்கிறது. இப்போதைக்கு அதை வழித்தெடுக்காமல் இருந்தாலே போதும்.