பெயரில் இருக்கிறது நினைவு

பார்வை மங்கிய முதியவர் ஒருவர், கணிப்பொறியில் கடிதம் எழுதும் நிரலில் எழுத்துகளைப் பெரிதாக்கி வைக்கிறார். மறுநாளும் அவை பெரிதாகவே தெரிகின்றன. ஒரு நாள் நிரலின் புதிய பதிப்பு வருகிறது. எழுத்துகள் பழையபடி சிறுத்துவிடுகின்றன. அவருடைய விருப்பம் எங்கே போயிற்று?

எங்கும் போகவில்லை. நிரல்கள் நம் விருப்பங்களை வட்டில் குறித்து வைக்கின்றன. அந்தக் குறிப்பை மீண்டும் கண்டெடுக்க உதவும் அடையாளம் பெயர்தான். எடுத்துக்காட்டாக, 'கியூட்' என்னும் கருவித் தொகுப்பைக் கொண்டு எழுதிய நிரல், வழக்கமாக நிறுவனத்தின் பெயர், நிரலின் பெயர் இரண்டையும் சேர்த்து இடத்தைக் குறிக்கிறது. லினக்சில் அவ்விடம் ஒரு கோப்பு. விண்டோசில் 'ரெஜிஸ்ட்ரி' என்னும் பதிவேட்டின் ஒரு கிளை.

பெயருடன் பதிப்பு எண்ணை ஒட்டினாலே போதும், நிரல் வேறோர் இடத்தில் தேடும். அங்கே ஒன்றும் இராது. ஆங்கிலப் பெரிய எழுத்தைச் சிறியதாக மாற்றினாலும் லினக்சில் இதே கதிதான். விண்டோஸ் பதிவேடோ இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. அதனால் அங்கு மட்டும் சோதித்தவர் கண்ணில் பிழை படாது.

ஆகவே, பெயரை ஓரிடத்தில் ஒருமுறை எழுதி, நிரல் முழுவதும் அதையே பயன்படுத்த வேண்டும். மாற்றியே தீர வேண்டுமானால், புதிய பதிப்பு முதலில் பழைய பெயரிலுள்ள குறிப்பைப் படித்துப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். முதியவரின் எழுத்துகள் அப்போது சிறுக்கமாட்டா.