செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு மெட்ராஸ்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலோர ஊரான செயின்ட் ஆண்ட்ரூஸுக்குக் குடும்பத்தோடு போகிறீர்களா? ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போங்கள். உலகப் புகழ்பெற்ற ஓல்டு கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தில் அன்று வழக்கமாக ஆட்டம் கிடையாது. யாரும் காலாற நடக்கலாம். கோட்டைக்குள் 1546-47 முற்றுகையின்போது பாறையைக் குடைந்து வெட்டிய சுரங்கம் இருக்கிறது. குனிந்து குனிந்துதான் போக வேண்டும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்கு இடுப்புவலி!

அதே ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்றொரு பள்ளி. அவ்வூரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் பாதிரியார், சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்தியவர். நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். மாணவனே மாணவனுக்குச் சொல்லித்தரும் முறையையும் அங்கேதான் வளர்த்தெடுத்தார். 'மெட்ராஸ் முறை' என்று பிரிட்டனெங்கும் அது பரவியது. அவர் கொடுத்த பணத்தில் 1833-ல் திறந்ததுதான் இந்தப் பள்ளி.