கொற்கைக் கரையோரம் – 9: தாமிரபரணியை ஊருக்கு அழைத்து வந்த சேர்மன்

சென்ற வாரம், 1806இல் தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்குப் பொன் தேர் செய்து ஓட்டிய தொன் கபிரியேல் வாஸ் கோமெஸைப் பார்த்தோம். பரதவர் குலத்தின் ஜாதித் தலைவர் அவர். பாண்டியபதி என்ற பட்டம் அந்தக் குடும்பத்துக்கு வழிவழியாக வந்தது. போர்ச்சுகீசியர் ஆண்டாலும் டச்சுக்காரர் ஆண்டாலும், முத்துக்குளிப்பு பற்றிப் பேச வேண்டுமென்றால் அந்த வீட்டுக்குத்தான் ஆள் போக வேண்டும்.

நூறு ஆண்டுகள் கழித்து அதே கரையில், அதே சமூகத்தில் பிறந்த இன்னொருவர் வேறு வழியில் தலைவரானார். ஊர்க்காரர்களின் வாக்கு அவரை நகர்மன்றத்துக்கு அனுப்பியது. நகர்மன்றம் அவரை ஐந்து முறை தலைவர் நாற்காலியில் அமர்த்தியது. தூத்துக்குடிக்காரர்கள் இன்றும் மாநகரத் தந்தை என்று அழைக்கும் ராவ்பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்தான். பிறந்தது 1869 நவம்பர் 15. மறைந்தது 1930. அரசியல்வாதி என்ற சொல்லை முகம் சுளிக்காமல் சொல்ல நமக்கு ஆள் வேண்டுமானால் இவரிடமிருந்து தொடங்கலாம்.

ஆறு இருந்தது, ஆறு இல்லாதது

அவர் செய்த வேலையின் அருமை புரிய, கொற்கைக்கு ஒருமுறை போய்வர வேண்டும். தாமிரபரணி கடலில் கலந்த இடத்தில் நின்ற பாண்டியர் துறைமுகம் அது. கிரேக்க, ரோமானியக் குறிப்புகள் கொல்கொய் என்று எழுதி வைத்த முத்துச் சந்தை. 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணக்கிட்டார்கள். அவ்வளவு பழைய ஊர் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, வாழைத் தோட்டங்களுக்கும் நெல் வயல்களுக்கும் நடுவே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தை அடைத்துக் கடலைத் தள்ளிவிட்டது. கொற்கை போய்க் காயல் வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ பார்த்த துறைமுகம் காயல்தான். அதையும் மண் மூடியது. பிறகுதான் தூத்துக்குடிக்குக் காலம் வந்தது.

தூத்துக்குடியில் துறை நிலைத்ததற்குக் காரணம், அங்கே மண் கொட்ட ஆறு இல்லை. அதுவே அந்த ஊரின் குறையும் ஆனது. கொற்கைக்குத் துறைமுகம் போனாலும் தண்ணீர் மிஞ்சியது. தூத்துக்குடிக்குக் கப்பல் வந்தது, குடிக்கத் தண்ணீர் இல்லை.

ஆண்டுக்குச் சுமார் 650 மில்லிமீட்டர் மழை. அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதமெல்லாம் வெயிலும் காற்றும். உப்பளத்துக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. ஆனால் கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சவுக்காரம் நுரைக்காது. குடித்தால் தாகம் தணிவதற்குப் பதில் கூடும். நல்ல தண்ணீர் ஊறும் கிணறுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றைச் சுற்றி விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசையில் நிற்கும். ஊற்று வற்றினால் தேங்காய்ச் சிரட்டையால் ஊறிய தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றித்தான் குடம் நிறைய வேண்டும்.

முத்துச் சிலாபம் என்ற முத்துக்குளிப்பு நடக்கும் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். காலில் கல்லைக் கட்டி இறங்கி, மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி, மேலே கயிறு பிடிப்பவர் இழுக்க வெளியே வருகிற குளியாளிக்கு உடம்பெல்லாம் உப்பு பூத்திருக்கும். அதைக் கழுவ ஒரு செம்பு நல்ல தண்ணீர் வேண்டும். குடிக்க இன்னொரு செம்பு வேண்டும். கரையில் சிப்பி அழுகும், ஈ மொய்க்கும், ஊர் ஊராக வந்த கூட்டம் கூடாரம் போட்டிருக்கும். கெட்ட தண்ணீரும் நெரிசலும் சேர்ந்த இடத்தில் வாந்திபேதி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதற்கு மேல் ஊர் வேறு வளர்ந்துகொண்டே போனது. 1876இல் மணியாச்சியிலிருந்து ரயில் வந்தது. நூற்பாலை வந்தது. கொழும்புக்குக் கப்பலேறத் தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களைப் பக்கத்துத் தட்டப்பாறை முகாமில் தங்கவைத்து அனுப்பினார்கள். 1901இல் 28 ஆயிரம் பேர் இருந்த ஊர், 1931இல் 60 ஆயிரத்தைத் தொட்டது. கிணறுகள் மட்டும் பழைய கிணறுகள்தான்.

கொந்தளித்த ஊரின் தலைவர்

குரூஸ் பர்னாந்து முதன்முதலில் நகர்மன்றத் தலைவரானது 1909இல். அது எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப் பாருங்கள். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியிருந்தார். 1908 பிப்ரவரி, மார்ச்சில் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. அந்த மார்ச்சிலேயே வ.உ.சி. கைதானார். 1911இல் மணியாச்சி சந்திப்பில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். வெள்ளை அரசு தூத்துக்குடியைச் சந்தேகக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் இவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

நகராட்சிக்கு அப்போது அதிகாரம் கொஞ்சம், பொறுப்பு அதிகம். ரிப்பன் பிரபுவின் தன்னாட்சிக் கொள்கையை ஒட்டி வந்த 1884ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க வழி செய்திருந்தது. ஆனால் வரி கட்டுவோர்தான் வாக்காளர். குடம் சுமந்த பெண்களில் பெரும்பாலோருக்கும், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கும் அந்தத் தகுதி கிடையாது. சாலை, விளக்கு, சாக்கடை, சந்தை, பள்ளிக்கூடம், அம்மை குத்துவது, சுடுகாடு எல்லாம் நகராட்சியின் தலையில். வருமானமோ வீட்டு வரி, தொழில் வரி, வண்டி வரி, சுங்கச் சாவடி என்று சில்லறை சில்லறையாக வருவது.

இந்தச் சில்லறையை வைத்துக்கொண்டு ஓர் ஆற்றைக் கொண்டுவர முடியுமா? அந்தக் காலத்தில் குடிநீர்த் திட்டம் ஒன்றைப் போடுவது என்றால், முதலில் நகர்மன்றத்தில் தீர்மானம் நிறைவேற வேண்டும். அது கலெக்டர் வழியாகச் சென்னைக்குப் போக வேண்டும். அரசின் பொறியாளர் இடம் பார்த்து மதிப்பீடு போட வேண்டும். பாதிப் பேர் செலவைப் பார்த்து மிரள்வார்கள். மானியம் எவ்வளவு, கடன் எவ்வளவு, கடனை அடைக்கத் தண்ணீர் வரி எவ்வளவு என்று கோப்பு போய்ப் போய் வரும். அதற்குள் தலைவரின் பதவிக்காலம் முடிந்துவிடும். அடுத்து வருகிறவருக்கு அக்கறை இல்லையென்றால் கோப்பு தூங்கும். ஐந்து முறை தலைவராக இருந்ததை நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். இடையிடையே விட்டுப்போனாலும் திரும்பத் திரும்ப வந்து, அதே கோப்பைத் தட்டி எழுப்பும் ஆள் தேவைப்பட்டார்.

நடுவில் 1914இல் உலகப்போர் வந்தது. பெரிய இரும்புக் குழாய்கள் கப்பலில் சீமையிலிருந்து வந்த காலம் அது. போர் நடந்த ஆண்டுகளில் இரும்புக்கு விலை ஏறியது, கப்பலுக்குப் பஞ்சம் வந்தது. ஊர் காத்திருக்க வேண்டியதாயிற்று. தாகம் காத்திருக்குமா? கடம்பூர்ப் பக்கமிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்து ஊருக்குக் கொடுத்தவர் சேர்மன் குரூஸ் பர்னாந்து என்று தூத்துக்குடிப் பெரியவர்கள் சொல்வார்கள்.

ஏன் வல்லநாடு?

1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் தூத்துக்குடிக்கு வந்தது. நீண்ட குழாய்ப் பாதை.

ஆறு கடலில் கலக்கும் இடம் அதைவிடக் கிட்டத்தில் இருக்கும்போது அவ்வளவு மேலே ஏன் போக வேண்டும்? தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கடைசியானது ஸ்ரீவைகுண்டம், 1870களில் வெள்ளைக்காரர் கட்டியது. அதற்கு மேலே இருந்தவை அவர்களுக்கு முன்பே நம்மவர் கட்டியவை. ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால் என இரண்டு பக்கமும் வயலுக்குத் தண்ணீர் பிரிந்துவிடும். அதற்குக் கீழே கோடையில் ஆறு ஒடுங்கும், கடல் உவர் ஏறும். வல்லநாட்டுப் பக்கம் ஆறு அந்தக் கடைசி அணைக்கு மேலே ஓடுகிறது. பொதிகை மலையில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் பெய்வதால் ஆண்டு முழுவதும் அங்கே ஈரம் இருக்கும். ஆற்று மணலே நல்ல வடிகட்டி. ஆற்றங்கரையில் இப்படி இடம் பார்த்து எடுத்தால் ஊருக்குத் தெளிந்த தண்ணீர் போகும்.

தண்ணீர் வந்த அதே காலத்தில், 1926-28இல், தூத்துக்குடியில் முத்துக்குளிப்பும் நடந்தது. கடலிலிருந்து முத்தும், மலையிலிருந்து தண்ணீரும் ஒரே சமயத்தில் ஊருக்குள் வந்தன. முத்து அதோடு பல ஆண்டுகளுக்கு நின்றுபோயிற்று. தண்ணீர் நிற்கவில்லை.

இன்னொரு முத்துக்கரை, இன்னொரு குழாய்

இந்த இடத்தில் இந்துமாக்கடலின் மறுகரையில் இருந்த ஒருவரையும் சொல்ல வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவின் முதல் பிரதமர் ஜான் பாரஸ்ட். 1847இல் பிறந்தவர். நில அளவையாளராக வேலை பார்த்து, 1870இல் பெர்த்திலிருந்து அடிலெய்டு வரை நிலவழியே பயணம் செய்து பேர் வாங்கியவர். 1890இல் மேற்கு ஆஸ்திரேலியா தன்னாட்சி பெற்றதும் ஆட்சிக்கு வந்தார். அவருடைய மாநிலத்திலும் ஒரு முத்துக்கரை உண்டு, புரூம் என்ற ஊர். அங்கே முத்தைவிடச் சிப்பி ஓட்டுக்குத்தான் மதிப்பு, பித்தான் செய்ய உதவியது.

1890களில் உள்நாட்டுப் பாலைவனத்தில் தங்கம் கிடைத்து ஆயிரக்கணக்கானோர் குவிந்தார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. பெர்த்துக்குப் பக்கத்து மலையில் அணை கட்டி, 530 கிலோமீட்டர் தூரம் குழாய் போட்டு, கல்கூர்லி வரை தண்ணீரைத் தள்ளுவோம் என்றார் பாரஸ்ட். 25 லட்சம் பவுண்டு கடன் வாங்கச் சட்டம் போட்டார். ஊர் சிரித்தது, பத்திரிகைகள் ஏசின. திட்டத்தை வகுத்த பொறியாளர் ஓ'கானர் பழிச்சொல் தாங்காமல் 1902 மார்ச்சில் உயிரை மாய்த்துக்கொண்டார். 1903 ஜனவரியில் கல்கூர்லியில் தண்ணீர் கொட்டியது. அதைத் திறந்துவைத்தவர் பாரஸ்ட்.

பாரஸ்டுக்குப் பின்னால் ஒரு தன்னாட்சி அரசு இருந்தது, தங்கம் இருந்தது, சட்டமன்றம் இருந்தது, தன் பேரில் கடன் வாங்கும் உரிமை இருந்தது. குரூஸ் பர்னாந்துவிடம் இருந்தது ஓர் அடிமை நாட்டின் நகராட்சி. வெள்ளை அரசின் கையெழுத்து இல்லாமல் அவரால் ஒரு பெரிய குழாயைப் பதிக்க முடியாது. தூரத்தை வைத்துப் பார்த்தால் பாரஸ்டின் குழாய் நீளம். கையில் இருந்த அதிகாரத்தை வைத்துப் பார்த்தால் தூத்துக்குடிச் சேர்மன் செய்தது அதற்குக் குறைந்ததில்லை.

ராவ்பகதூர் பட்டம்

வாசகர்களில் சிலருக்கு ஒரு கேள்வி இருக்கும். வ.உ.சி. செக்கிழுத்த காலத்தில், அதே ஊரில், வெள்ளைக்காரன் கொடுத்த ராவ்பகதூர் பட்டத்தை ஏற்றவரைக் கொண்டாடலாமா?

நியாயமான கேள்வி. வ.உ.சி. ஆட்சியை எதிர்த்தார், சொத்தை இழந்தார், சிறை போனார். அந்தத் தியாகத்துக்கு ஈடு கிடையாது. குரூஸ் பர்னாந்து ஆட்சியோடு பேசிப் பேசி வேலை வாங்கினார். ஆனால் ஒரு ஊருக்கு இரண்டும் வேண்டும். நாளை விடுதலை வரும் என்பதற்காக இன்றைக்கு வாந்திபேதியில் சாகும் குழந்தையிடம் பொறுத்திரு என்று சொல்ல முடியாது. பட்டம் வாங்கிய ராவ்பகதூர்கள் அந்தக் காலத்தில் பல பேர். பட்டத்தை வீட்டுச் சுவரில் மாட்டியதோடு நின்றவர்களை ஊர் மறந்துவிட்டது. பட்டம் தந்த செல்வாக்கை ஊர்த் தண்ணீருக்குச் செலவு செய்தவரை மறக்கவில்லை. சிறையிலிருந்து வந்து, தூத்துக்குடியிலேயே 1936இல் கண்மூடிய வ.உ.சி.யும், 1930இல் மறைந்த குரூஸ் பர்னாந்தும் அந்த ஊரின் இரு பெரும் பேர்கள். ஒருவரை உயர்த்த மற்றவரைத் தாழ்த்த வேண்டியதில்லை.

நமக்கு விட்டுச்சென்ற கேள்வி

குரூஸ் பர்னாந்துக்குச் சிலை உண்டு. பிறந்த நாளில் மாலை போடுகிறோம். தமிழக அரசு மணிமண்டபமும் கட்டியிருக்கிறது. நல்லதுதான். 2008இல் மாநகராட்சி ஆன தூத்துக்குடிக்கு இப்போது நான்காவது குழாய்த் திட்டமும் வல்லநாட்டுப் பக்கமிருந்தே வந்திருக்கிறது. நூறாண்டுக்கு முன் அவர் காட்டிய ஆற்றைத்தான் ஊர் இன்றும் நம்பியிருக்கிறது.

அந்த ஆற்றை என்ன செய்து வைத்திருக்கிறோம்? மணலை அள்ளினோம், கழிவைக் கலந்தோம். ஆலைகளுக்கும் வயலுக்கும் குடிநீருக்கும் நடுவே பங்குச் சண்டையில் நிறுத்தினோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி பெருகி ஓடியபோது, சுற்றிலும் தண்ணீர் நிற்க, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் தூத்துக்குடி மாவட்டத்து மக்கள் தவித்ததைக் கண்ணால் கண்டோம்.

அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் உங்கள் தெருவுக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கட்சி, சாதி, கொடி எதையும் முதலில் கேட்காதீர்கள். நம் ஊருக்குத் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த இடத்தில் எடுக்கப்படுகிறது, அந்த இடம் இன்று எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். பதில் தெரிந்தவருக்கு வாக்களியுங்கள். குரூஸ் பர்னாந்துக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை அதுதான்.

(தொடரும்)

அடுத்த வாரம்: தூத்துக்குடியிலிருந்து சென்னை அமைச்சரவைக்குப் போன ஜே.எல்.பி. ரோச் விக்டோரியா.